மூன்று நாள் ஸ்தேவானைப் பட்டியலிலிருந்து எடுத்தது சரியா?

மறைக்கல்வி மேரி

மறைக்கல்வி மாணவர்களுக்கான ஒரு வினாடி வினாவில், "மிகக் குறைந்த காலம் பதவியில் இருந்த திருத்தந்தை (போப்பாண்டவர்) யார்?" என்று கேட்டார்கள். ஒரு சிறுமி, "இரண்டாம் ஸ்தேவான், மூன்று நாள்" என்றாள். நடுவர் தவறு என்று சொல்லிவிட்டு, "ஏழாம் உர்பான்" என்ற அடுத்த அணிக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டார். உர்பான் 1590 செப்டம்பர் 15இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 27இல் மலேரியாவால் இறந்தவர்.

சிறுமி வாயில் வந்ததைச் சொல்லவில்லை. அவள் வீட்டிலிருந்த பழைய பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. வத்திக்கானின் ஆண்டேடான அன்னுவாரியோ பொந்திஃபீச்சியோவிலும் 1960 வரை அவர் பெயர் இருந்தது. 1961 பதிப்பில் இல்லை. 752இல் இறந்துபோனவரை 1961இல் எப்படிப் பதவிநீக்கம் செய்ய முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுபார்ப்பவன்

பதவியே ஏற்காதவருக்கு ஏது பதவிநீக்கம், மேரி அம்மா?

752 மார்ச்சில் திருத்தந்தை சக்கரியா இறந்தார். ரோமை மக்கள் ஸ்தேவான் என்ற குருவைத் தேர்ந்தெடுத்து, அக்காலத் திருத்தந்தையரின் இல்லமான இலாத்தரன் மாளிகையில் குடிவைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் தூங்கி எழுந்து வீட்டுக் காரியங்களை ஒழுங்குசெய்ய உட்கார்ந்தார். திடீரென்று பேச்சும் நினைவும் போயின. மறுநாள் இறந்தார். இன்றைய மருத்துவர் பக்கவாதம் என்பார். அவரது ஆட்சியைப் பற்றி நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இதுவும் வேறொருவருக்கு முன்னுரையாகத்தான் கிடைக்கிறது. லிபேர் பொந்திஃபிகாலிஸ் என்ற பழைய திருத்தந்தையர் வரலாற்றுத் தொகுப்பில் இவருக்கென்று தனி வரலாறு இல்லை. அடுத்து வந்த இன்னொரு ஸ்தேவானின் வரலாற்றுத் தொடக்கத்தில் இரண்டு வரியில் வந்து போகிறார்.

அவர் ஆயராக, அதாவது பிஷப்பாக, திருநிலைப்படுத்தப்படவில்லை; அதற்கான சடங்கு அவருக்கு நடக்கவில்லை. திருத்தந்தை என்பவர் ரோமை ஆயர். ஆயராகாத ஒருவர் ரோமை ஆயராக இருந்தார் என்று 752இல் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவும் இல்லை. அவரைப் பட்டியலில் சேர்த்ததெல்லாம் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவர்கள். 1961இல் செய்தது நீக்கம் அல்ல, திருத்தம்.

சட்டப்புத்தகம்

ஏடு, ஒரே ஒரு கேள்வி. உங்கள் கணக்கில் ஐந்தாம் ஏட்ரியன் யார்?

வாசிப்பவர்களுக்காக: ஒத்தோபோனோ ஃபியெஸ்கி என்ற கர்தினால், 1276 ஜூலை 11இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகஸ்ட் 18இல் வித்தேர்போவில் இறந்தார். வெறும் திருத்தொண்டர், குருவுக்குக் கீழ்ப் படி. ஆயர் ஆகவில்லை, குரு கூட ஆகவில்லை. ஆனாலும் எல்லாப் பட்டியலிலும் எண்ணோடு இருக்கிறார். அந்த ஐந்து வாரத்தில், கர்தினால்களைப் பூட்டிவைத்துத் தேர்தல் நடத்தச் சொன்ன பத்தாம் கிரகோரியின் சட்டத்தை நிறுத்திவைக்கவும் செய்தார். திருத்தந்தையாக இல்லாத ஒருவர் திருத்தந்தையின் சட்டத்தை நிறுத்த முடியுமா?

752இன் ஸ்தேவானாவது குரு. இலாத்தரனில் குடியேறியவர். சாதாரணக் குருவுக்கு ஒரு நீதி, நான்காம் இன்னசென்ட்டின் உடன்பிறந்தார் மகனுக்கு ஒரு நீதியா?

ஏடுபார்ப்பவன்

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவே 524 ஆண்டுகள். அதற்குள் திருத்தந்தை ஆவது எப்படி என்ற சட்டமே மாறிவிட்டது. ஏட்ரியனை அவர் காலச் சட்டப்படி பாருங்கள், அவர் திருத்தந்தை. ஸ்தேவானையும் அவர் காலச் சட்டப்படி பாருங்கள், அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே. இதில் நீதி எங்கே இரண்டாகிறது?

ஸ்தேவான் காலத்து வழக்கம் என்ன என்பதற்குச் செவெரீனுஸ் போதும். 638 அக்டோபரில் ஹொனோரியுஸ் இறந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். அந்நாளில் கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசரின் ஒப்புதல் வந்தால்தான் திருநிலைப்பாடு. பேரரசர் ஹெராக்லியுஸ் வெளியிட்ட 'எக்தெசிஸ்' என்ற விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டால் ஒப்புதல் என்றார்கள். இவர் இடவில்லை. சுமார் இருபது மாதம் காக்கவைத்தார்கள். உங்கள் சம்பளப் பணம் இலாத்தரனில் முடங்கிக் கிடக்கிறது என்று மவுரீசியுஸ் என்ற அதிகாரி படைவீரர்களைத் தூண்டிவிட்டார். அவர்கள் மாளிகையை முற்றுகையிட்டார்கள். பிறகு ராவென்னாவிலிருந்து பேரரசரின் ஆளுநர் ஈசாக் வந்து, கருவூலத்தை எட்டு நாள் நிதானமாகக் காலிசெய்து பேரரசருக்கும் ஒரு பங்கு அனுப்பினார். இத்தனையும் பட்டபிறகு 640 மே 28இல் திருநிலைப்பாடு. ஆகஸ்ட் 2இல் மரணம்.

இப்போது அவர் ஆட்சிக்காலத்தைப் பாருங்கள். இரண்டு மாதம் சொச்சம். தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு காத்திருந்த காலம் யார் கணக்கிலும் வரவில்லை. 'தேர்தலே போதும்' என்று அந்தக் காலம் நினைத்திருந்தால் செவெரீனுஸின் ஆட்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகியிருக்கும்.

இன்னொரு சான்று இதைவிடக் கூர்மையானது. செவெரீனுஸுக்கு அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்காம் யோவான், திருநிலைப்பாட்டுக்கு முன், 640இல் அயர்லாந்துத் திருச்சபைக்கு உயிர்ப்பு விழாவின் தேதி பற்றி ஒரு கடிதம் அனுப்பினார். ஆங்கிலேயத் துறவி பேடா தம் வரலாற்றில் அதைப் படியெடுத்து வைத்திருக்கிறார். அனுப்பியவர் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன தெரியுமா? முதலில் தலைமைக் குரு ஹிலாருஸ், 'திருப்பீடத்தின் இடத்தைக் காப்பவர்' என்ற அடைமொழியோடு. இரண்டாவதாகத்தான் 'திருத்தொண்டர் யோவான், கடவுளின் பெயரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்'. தேர்தல் முடிந்தும் அவர் திருத்தொண்டர்தான், இரண்டாம் இடந்தான். இலாத்தரன் அலுவலகமே இப்படி எழுதியபிறகு நாம் என்ன புதிதாகச் சொல்ல இருக்கிறது?

கோவில்பிள்ளை மகன்

தம்பிகளா, கடிதச் சான்று அருமை. இதை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒரு வயிற்றெரிச்சல். இந்த மூன்று நாள்காரரைப் பற்றிய சண்டையில் அடுத்த ஸ்தேவானை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பழைய புத்தகத்தில் அவர் மூன்றாம் ஸ்தேவான், புதிய புத்தகத்தில் இரண்டாம் ஸ்தேவான். இன்னும் சில புத்தகங்களில் இரண்டு எண்ணையும் போட்டு, ஒன்றை அடைப்புக்குள் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

மனிதர் என்ன செய்தார் பாருங்கள். 751இல் லொம்பார்டிய அரசன் ஐஸ்துல்ஃப் ராவென்னாவைப் பிடித்துவிட்டான். அடுத்த குறி ரோமை. ஸ்தேவான் பதவிக்கு வந்த சில மாதத்தில் நாற்பது ஆண்டுச் சமாதானம் பேசி முடித்தார்கள். நான்கே மாதத்தில் ஐஸ்துல்ஃப் அதை முறித்து, ரோமையர் தலைக்கு ஒரு பொற்காசு வரி கட்ட வேண்டும் என்றான். பேரரசரிடம் படை கேட்டுப் பயனில்லை. 753 அக்டோபரில் ஸ்தேவான் புறப்பட்டார். குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து 754 சனவரி 6இல் பொந்தியோனில் ஃபிராங்க் அரசன் பெப்பினைச் சந்தித்தார். அதே ஆண்டு சேன் தெனியில் பெப்பினுக்கும் அவன் இரண்டு மகன்களுக்கும் எண்ணெய் பூசி அபிஷேகம் செய்தார். அந்த இரண்டு மகன்களில் ஒருவன்தான் பிற்காலத்துச் சார்லமேன். 1870 வரை நீடித்த திருத்தந்தை நாடு பிறந்தது இந்தப் பயணத்தில்தான். இப்பேர்ப்பட்டவரை அடைப்புக்குறிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்.

மட்டுறுத்துநர்

ஐயா, அடுத்த ஸ்தேவானுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன். இங்கே மூன்று நாள்காரர் மட்டும்.

சட்டப்புத்தகம்

ஏடு, அயர்லாந்துக் கடிதம் நல்ல சான்று, ஆனால் 640இன் சான்று. அப்போது பேரரசரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் வராதவரை 'காத்திருப்பவர்' என்ற நிலை இயல்பானது. 752இல் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. 731இல் மூன்றாம் கிரகோரிதான் ராவென்னாவின் ஒப்புதலுக்குக் காத்திருந்த கடைசி ஆள். 741இல் சக்கரியா யாரையும் கேட்கவில்லை. சில நாள்களில் திருநிலைப்பாடு முடிந்தது. 751இல் ராவென்னா ஆளுநர் பதவியே ஒழிந்தது. ஆக, ஸ்தேவானுக்கு மேலே கேட்க வேண்டிய அதிகாரி யாருமில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், மாளிகைக்குள் போனார், போட்டியாளர் இல்லை, சண்டை இல்லை. மிச்சம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதுதான்.

நம் சட்டமன்றத் தேர்தலில் வென்றவர் பெயர் அரசிதழில் வந்துவிட்டால் அவர் உறுப்பினர். பதவிப்பிரமாணம் எடுக்காமல் அவையில் உட்கார முடியாது, அவ்வளவுதான். பிரமாணத்துக்கு முன் இறந்தால் இடைத்தேர்தல் வைக்கிறோமே தவிர, அவர் வெல்லவே இல்லை என்று சொல்வதில்லை.

அடுத்தது முக்கியம். 1059இல் இரண்டாம் நிக்கோலாஸ் தேர்தல் ஆணை ஒன்றை வெளியிட்டார். தேர்தல் உரிமையைக் கர்தினால்கள் கையில் கொடுத்த அதே ஆணை. போராலோ சூழ்ச்சியாலோ தேர்ந்தெடுக்கப்பட்டவரை அரியணையில் அமர்த்த முடியாமல் போனாலும், ரோமைத் திருச்சபையை ஆளவும் அதன் சொத்துகளை நிர்வகிக்கவும் அவருக்கு முழு அதிகாரம் உண்டு என்கிறது அது. அதோடு விடவில்லை, முன்னுதாரணமும் காட்டுகிறது: புனித கிரகோரி தம் திருநிலைப்பாட்டுக்கு முன்பே அப்படிச் செய்தார் என்கிறது. முதலாம் கிரகோரி, 590ஆம் ஆண்டு! ஸ்தேவானுக்கு 162 ஆண்டு முன்னால். ஆக, இது பிற்காலத்தில் புதிதாக முளைத்த சட்டம் அல்ல. பழைய வழக்கத்தை எழுத்தில் வைத்தது.

ஏடுபார்ப்பவன்

நிக்கோலாஸ் ஏன் அப்படி எழுதினார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு முன் ரோமைப் பிரபுக்கள் பத்தாம் பெனடிக்ட் என்று ஒருவரை அரியணையில் ஏற்றிவிட்டார்கள். நகரம் அவர்கள் கையில். நிக்கோலாஸை ரோமைக்கு வெளியே, சியென்னாவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நாளை இதே நிலை வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. தன் நெருக்கடிக்கு முன்னுதாரணம் தேடியவர் கிரகோரியைப் பிடித்துக்கொண்டார். வழக்கறிஞர்கள் எப்போதும் செய்வதுதானே!

கிரகோரியையே எடுத்துக்கொள்வோம். 590 தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொள்ளைநோய் நகரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஒப்புதல் வருமுன்பே மன்றாட்டுப் பவனிகளை நடத்தினார். உண்மை. ஆனால் அவர் ஆட்சி எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது? 590 செப்டம்பர் 3, திருநிலைப்பாட்டு நாள். அவருடைய புகழ்பெற்ற கடிதப் பதிவேடும் அந்தச் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் நிர்வாகம் பார்ப்பது வேறு, திருத்தந்தையாக இருப்பது வேறு.

பேரரசர் ஒப்புதல் போனதால் திருநிலைப்பாடும் தேவையற்றதாகிவிட்டது என்கிறீர்கள். அது எப்படி? ஒப்புதல் அரசியல். திருநிலைப்பாடு அருளடையாளம். பேரரசர் போனால் காத்திருப்புக் குறையும். ஆயர் ஆக வேண்டும் என்பது எப்படி மறையும்? நீங்கள் சொன்ன அந்த ஞாயிறு மார்ச் 26. அன்று அடுத்த ஸ்தேவான் ஆயரானார். முந்தையவர் அதைப் பார்க்கவில்லை. துயரமான விஷயம், ஆனால் துயரத்துக்காக எண் கொடுக்க முடியாது.

குறுக்குக் கேள்வி

நான் கிறிஸ்தவன் இல்லை, வரலாற்று ஆர்வத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் 'சட்டம்' என்று பேசுகிறீர்கள். எனக்கென்னவோ இந்தப் பட்டியலைச் சட்டம் தீர்மானித்ததாகத் தெரியவில்லை, வென்றவர்கள் தீர்மானித்ததாகத்தான் தெரிகிறது.

530ஐப் பாருங்கள். நான்காம் பெலிக்ஸ் தனக்குப் பின் போனிஃபாஸ்தான் என்று தானே சொல்லிவிட்டு இறந்தார். ரோமைக் குருக்களில் பெரும்பாலோர் அதை ஏற்காமல் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த தியோஸ்கோருஸ் என்ற திருத்தொண்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில், செப்டம்பர் 22இல், திருநிலைப்பாடு. ஆக தியோஸ்கோருஸிடம் பெரும்பான்மையும் உண்டு, திருநிலைப்பாடும் உண்டு. 22 நாளில், அக்டோபர் 14இல், இறந்துபோனார். போனிஃபாஸ் அவருடைய ஆதரவாளர்களிடம் அவரைச் சபிக்கும் அறிக்கையில் கையெழுத்து வாங்கினார். 535இல் அகபெத்துஸ் வந்து அந்த அறிக்கையை எரித்தார். ஆனாலும் இன்றைய பட்டியலில் தியோஸ்கோருஸ் எதிர்த் திருத்தந்தை, அதாவது முறையற்ற போட்டியாளர். செத்துப்போனதுதான் அவர் செய்த குற்றம்.

767இல் கொன்ஸ்தாந்தீன். நேப்பியின் பிரபு தோத்தோவின் தம்பி, பொதுநிலையினர், குருவே அல்லாதவர். சில நாள்களில் எல்லாப் பட்டங்களையும் கொடுத்து மூன்று ஆயர்கள் சேர்ந்து திருநிலைப்படுத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் ஆண்டார். பிறகு கண்ணைப் பிடுங்கி, 769 இலாத்தரன் சங்கத்தில் அடித்து, அவர் செய்த எல்லாவற்றையும் செல்லாது என்றார்கள். திருநிலைப்பாடுதான் அளவுகோல் என்றால் அவருக்கு எண் எங்கே?

ஏடுபார்ப்பவன்

திருநிலைப்பாடு இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவே இல்லையே! முறையான தேர்தலும் வேண்டும், திருநிலைப்பாடும் வேண்டும். கொன்ஸ்தாந்தீனுக்கு முதலாவது இல்லை, ஆயுதத்தோடு வந்து உட்கார்ந்தவர். ஸ்தேவானுக்கு இரண்டாவது இல்லை. தியோஸ்கோருஸ் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதில் வலு இருக்கிறது. அவருக்காக வாதாட வாருங்கள், உங்கள் பக்கம் நிற்கிறேன்.

சட்டப்புத்தகம் 'இலாத்தரனுக்குள் போனார்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். 768 சூலை 31இல் பிலிப்பு என்ற துறவியையும் இலாத்தரனுக்குள் கொண்டுபோனார்கள். வால்திபெர்த் என்ற லொம்பார்டியக் குரு அவரை மடத்திலிருந்து இழுத்துவந்தார். பிலிப்பு அரியணையில் உட்கார்ந்தார், ஆசீர் கொடுத்தார், பெரியவர்களுக்கு விருந்தும் வைத்தார். இருட்டுவதற்குள் எதிர் அணியினர் அவரை மடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாளிகைக்குள் போனதெல்லாம் கணக்கு என்றால் நம் ஸ்தேவானைவிடப் பிலிப்பு அதிகம் செய்தவர்.

சட்டப்புத்தகம்

பிலிப்பை ஒரு கும்பல் கொண்டுவந்தது. ஸ்தேவானை மக்கள் அனைவரும் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் நம்பும் அதே லிபேர் பொந்திஃபிகாலிஸ் சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

1124ஐச் சொல்வீர்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அதனால் நானே சொல்கிறேன். தெயோபால்தோ என்ற கர்தினாலைச் செலஸ்தீன் என்ற பெயரில் தேர்ந்தெடுத்துச் சிவப்பு மேலாடை போர்த்திய சற்று நேரத்தில் பிராஞ்சிபானி குடும்பத்தார் ஆயுதத்தோடு நுழைந்தார்கள். அவர் விலகிக்கொண்டார். அவரையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் அவர் தாமாக விட்டுக்கொடுத்தார் என்று பதில் சொல்ல இடம் இருக்கிறது. ஸ்தேவான் எதையும் விடவில்லை. பேச்சு போகும்வரை இலாத்தரனில் காரியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்களால் பதில் சொல்ல முடியாத இடத்துக்கு வருகிறேன். 1961இல் நடைமுறையில் இருந்தது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதன் 219ஆம் பிரிவு என்ன சொல்கிறது? முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தேர்தலை ஏற்றுக்கொண்ட அந்தக் கணத்திலேயே, இறைச்சட்டத்தின்படி முழு ஆட்சியதிகாரம் பெறுகிறார். இறைச்சட்டம் ஐயா! இறைச்சட்டம் 752இலும் அதே இறைச்சட்டந்தான். நூற்றாண்டுக்கு ஒன்றாக மாறுவதற்கு அது வரிவிதிப்பு அல்ல. தன் சட்டம் இப்படிச் சொல்லும்போதே ஆண்டேடு ஸ்தேவானை வெளியேற்றியிருக்கிறது.

மறைக்கல்வி மேரி

இது எனக்குப் புதிது. ஏடு அண்ணன் பதில் சொல்லுங்கள். அப்படியே இன்றைய சட்டம் என்ன என்றும் யாராவது சொன்னால் நல்லது.

ஏடுபார்ப்பவன்

பதில் சொல்ல முடியாத இடம் என்று ஏன் நினைக்கிறார் என்று தெரியவில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம்.

219ஆம் பிரிவு பேசுவது ஆட்சியதிகாரத்தைப் பற்றி. அந்த அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது, கர்தினால்கள் கொடுப்பதில்லை என்பதுதான் அங்கே 'இறைச்சட்டம்'. அது எந்தச் செயலின் வழியாக, எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்பதைத் திருச்சபை காலத்துக்கு ஏற்ப வகுத்திருக்கிறது. மாறியிருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? மேரி கேட்ட இன்றைய சட்டமே சான்று. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் 332ஆம் பிரிவு: முறையான தேர்தலை ஏற்பதும் ஆயர் திருநிலைப்பாடும் சேர்ந்துதான் முழு அதிகாரம் தருகின்றன. ஏற்கெனவே ஆயராக இருப்பவர் 'ஏற்கிறேன்' என்ற கணத்தில் திருத்தந்தை. ஆயர் அல்லாதவரைத் தேர்ந்தெடுத்தால் உடனே திருநிலைப்படுத்த வேண்டும். 1996இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட தேர்தல் விதிகளும் அதையே சொல்கின்றன. சக்கரம் சுற்றி, பழைய ரோமையின் நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது.

1961க்கு வருகிறேன். அப்போதைய திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான். திருத்தந்தையர் எண்களின் குளறுபடி அவருக்கு நன்றாகத் தெரியும். 15ஆம் நூற்றாண்டில், திருச்சபை பிளவுபட்டிருந்தபோது, பீசா அணியின் யோவான் ஒருவர் அதே இருபத்துமூன்றாம் எண்ணை வைத்திருந்தார். அதையும் தாண்டித்தான் இவர் அந்த எண்ணை எடுத்தார். இன்னொரு வேடிக்கை, இருபதாம் யோவான் என்று வரலாற்றில் யாருமே இல்லை. 1276இல் ஏட்ரியனுக்கு அடுத்து வந்தவர் எண்ணைத் தாண்டி இருபத்தொன்று என்று வைத்துக்கொண்டார். மறு ஆண்டு வித்தேர்போ மாளிகையில் கூரை இடிந்து விழுந்து இறந்தார். அது வேறு கதை. இப்படிப்பட்ட சூழலில் ஆண்டேட்டுக்காரர்கள் தங்கள் காலச் சட்டத்தைக் கொண்டுபோய் 8ஆம் நூற்றாண்டின் மேல் ஏற்றாமல், 8ஆம் நூற்றாண்டின் கண்ணால் பார்த்தார்கள். வரலாற்றுக்கு நேர்மை என்றால் இதுதான். உங்கள் 219ஐப் பின்னோக்கி ஓட்டினால் செவெரீனுஸ் தொடங்கி ஒவ்வொருவர் ஆட்சியின் தொடக்க நாளையும் மாற்ற வேண்டும். மாற்றத் தயாரா?

குறுக்குக் கேள்வி

அப்படியானால் 1983 சட்டப்படி ஐந்தாம் ஏட்ரியன் திருத்தந்தை இல்லை. 1276 சட்டப்படி ஆமாம். 752 ஸ்தேவான் 1917 சட்டப்படி ஆமாம், 752 சட்டப்படி இல்லை. ஒரு மனிதர் திருத்தந்தையா இல்லையா என்பது எந்த ஆண்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்ததா? வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இது விசித்திரமாக இருக்கிறது.

ஏடுபார்ப்பவன்

நாம் கேட்கும் ஆண்டைப் பொறுத்ததல்ல. அவர்கள் வாழ்ந்த ஆண்டைப் பொறுத்தது. இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

கோவில்பிள்ளை மகன்

நான் ஒன்று கேட்கலாமா? ஸ்தேவானைத் திரும்பச் சேர்த்தால் என்ன ஆகும்? ஆல்ப்ஸ் தாண்டியவர் மூன்றாமவர் ஆவார், 768இல் வந்தவர் நான்காமவர். இப்படியே தள்ளிக்கொண்டு போய், 1057இல் வந்த ஒன்பதாம் ஸ்தேவான் பத்தாமவர் ஆவார். நல்லவேளை, 1058க்குப் பிறகு யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. 2025இல் வந்த பதினான்காம் லியோ 267ஆவது திருத்தந்தை என்று எல்லாச் செய்தித்தாளிலும் போட்டார்கள். அதுவும் 268 ஆகிவிடும். அடைப்புக்குறிகளுக்கு நடுவே வாழ்ந்து பழகிவிட்ட எனக்கு இன்னொரு மாற்றத்துக்குத் தெம்பு இல்லை. அதற்காகவே நான் ஏடு தம்பி பக்கம்.

சட்டப்புத்தகம்

ஐயா, சிரமம் ஒரு வாதம் ஆகாது. எண் மாறும் என்பதற்காக ஒருவரின் உரிமையை மறுக்க முடியுமா? அதே ஆண்டேடு 20ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தோபரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 903இல் ஐந்தாம் லியோவைச் சிறையில் தள்ளிவிட்டு ஏறிய ஆள். எடுத்தது சரிதான். 1947இலும் பட்டியல் முழுவதையும் திருத்தினார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் தெம்பு குறையவில்லையே!

இன்னொன்று. பட்டியல் என்பது தீர்ப்பு அல்ல என்று ஆண்டேடே ஒப்புக்கொள்கிறது. 963இல் பேரரசன் ஒத்தோ, பன்னிரண்டாம் யோவானை நீக்கிவிட்டு எட்டாம் லியோவை ஏற்றினான். 964இல் யோவான் இறந்ததும் ரோமையர் ஐந்தாம் பெனடிக்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்தோ திரும்பி வந்து நகரை முற்றுகையிட்டான். பெனடிக்ட்டின் கோலை லியோ எல்லோர் முன்னும் முறித்தார். பெனடிக்ட்டை ஹாம்பர்க்குக்கு நாடுகடத்தினார்கள். லியோ முறையானவர் என்றால் பெனடிக்ட் எதிர்த் திருத்தந்தை. இருவருமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இருவருக்கும் எண் இருக்கிறது, கீழே ஒரு குறிப்போடு. ஐயம் இருந்தால் குறிப்போடு உள்ளே வைத்திருப்பது ஆண்டேட்டின் வழக்கம் என்றால், ஸ்தேவானுக்கும் அதே சலுகை கொடுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

ஏடுபார்ப்பவன்

குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது! ஆண்டேட்டில் ஆல்ப்ஸ் தாண்டிய ஸ்தேவானின் பெயருக்கு அடியில் பாருங்கள். சக்கரியா இறந்தபின் ஸ்தேவான் என்ற ரோமைக் குரு தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கு நாளில், திருநிலைப்பாட்டுக்கு முன் இறந்தார். அக்காலத் திருச்சபைச் சட்டப்படி திருநிலைப்பாடே ஆட்சியின் உண்மையான தொடக்கம் என்பதால் அவர் பெயர் லிபேர் பொந்திஃபிகாலிஸிலோ மற்றப் பட்டியல்களிலோ இடம்பெறவில்லை என்று அதன் பொருள். நான் இத்தனை பதிவில் சொன்னதை அவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

சட்டப்புத்தகம்

அந்தக் குறிப்பைப் படித்திருக்கிறேன். லியோவுக்கும் பெனடிக்ட்டுக்கும் இருப்பது உள்ளே வைத்துக்கொண்டு எழுதிய குறிப்பு. ஸ்தேவானுக்கு இருப்பது வெளியே நிறுத்திவிட்டு எழுதிய குறிப்பு. அதுவும் இன்னொருவர் பெயருக்கு அடியில்.

ஏடுபார்ப்பவன்

ஏனென்றால் அந்த இருவரும் திருநிலைப்படுத்தப்பட்டவர்கள்.

சட்டப்புத்தகம்

அப்படியானால் ஐந்தாம் ஏட்ரியனின் திருநிலைப்பாடு எங்கே நடந்தது? நாள் வேண்டாம், ஊரை மட்டும் சொல்லுங்கள்.